பேத்தியின் தராசு

அரைக் கரண்டிப் பருப்பு ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்று எட்டு வருஷத்துக்கு முன் யாரேனும் நம்மிடம் சொல்லியிருந்தால், அந்த மனிதரைப் பற்றி நாம் நல்ல அபிப்பிராயம் கொண்டிருக்க மாட்டோம். நமது குடும்பத்தில் குழந்தைகள் பருப்பும் நெய்யும் பிசைந்த சாதத்தில்தான் வளர்ந்தார்கள். நாமும் அப்படியே வளர்ந்தோம். வளர்ந்த லட்சணத்தை வேஷ்டியை இடுப்பில் சுற்றும்போதெல்லாம் உணர்ந்து வருகிறோம். அப்படிப்பட்ட நாம் எழுபதாவது வயதில், ஏழு வயதுப் பேத்தியிடம் சாதத்தை நிறுத்துச் சாப்பிடும் வித்தையைக் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடம் நடந்த இடம் ஒரு வைத்தியசாலையை ஒட்டிய மண்டபம். அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

நமது மகனுக்கு இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ள ஒரு நகரத்தில் உத்தியோகம். அவன் மணந்தது நமது தங்கையின் பெண்ணை. அந்த விவாகத்தை முன்னின்று நடத்தியவர்கள் நாம்தாம். ‘சொந்தம் விட்டுப் போகக் கூடாது’ என்று நாம் பேசிய பேச்சு இன்றைக்கும் உறவினர்களுக்கு ஞாபகம் இருக்கும். நமக்கும் ஞாபகம் இருக்கிறது; அதுதான் சங்கடம்.

பேத்தி பிறந்த ஐந்தாம் நாள், அந்நாட்டு வழக்கப்படி ஒரு தாதி வந்து, குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு காகித அட்டையில் நாலு சொட்டு ரத்தம் எடுத்துச் சென்றாள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கெல்லாம் டெலிபோன் வந்தது. “குழந்தையை நாளைக் காலை அழைத்து வாருங்கள்” என்றார்கள். பினைல்கீட்டோன்யூரியா என்ற பெயரை நமது மகன் கடல் கடந்து டெலிபோனில் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் நமக்கு விளங்கவில்லை. வைத்தியர்களே அதைச் சுருக்கிப் பி.கே.யு. என்றுதான் சொல்லுகிறார்கள்.

விஷயம் இதுதான். நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, மாமிசம் முதலியவற்றில் புரதம் இருக்கிறது. வயிற்றில் புரதம் பல அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று பினைல் அலனைன். நமது ஈரலில் உள்ள ஒரு நொதி, தேவைக்கு மிஞ்சிய பினைல் அலனைனை வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. இந்தக் குழந்தைகளுக்கு அந்த நொதி சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே அது ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுத்துவிடுகிறது. சிகிச்சை இன்றி விட்டால், பார்வைக்கு அழகாயிருக்கும் குழந்தை நாளடைவில் பேச்சும் புத்தியும் இழந்துவிடும். பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடித்துப் பத்தியம் ஆரம்பித்தாலோ, மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும், கணக்குப் போடும், தாத்தாவைக் கேலி செய்யும். இங்கிலாந்தில் சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த வியாதி காணப்படுகிறது. தாய் தந்தை இருவரும் குறையுள்ள ஒரு பீஜத்தைத் தங்களுக்கே தெரியாமல் சுமந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு சந்தர்ப்பம் உண்டு.

ஊரில் செய்தி பரவியதும், “எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?” என்று விசாரித்தார்கள். எந்தப் பக்கம் என்று சொல்லுவது? இரண்டு பக்கமும் நமது பக்கந்தானே!

பத்தியம் என்றால் நமது ஊர் லேகியப் பத்தியம் போல ஒரு மண்டலத்தில் முடிகிற சமாசாரம் அன்று, ஆயுள் பரியந்தம். நமது பேத்திக்கு ஒரு நாளைக்கு 6 கிராம் புரதம் அனுமதி. இதற்கு மேல் உடம்புக்கு வேண்டியதை, பினைல் அலனைன் நீக்கிய ஒரு பானமாக மூன்று வேளை குடிக்க வேண்டும். அந்தப் பானத்தின் மணத்தை வர்ணிக்க நமக்குத் தமிழ் போதாது. வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ விரலில் குத்தி, அட்டையில் ரத்தம் ஒற்றித் தபாலில் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வயது வரையில் அந்தக் கணக்கு லிட்டருக்கு 120-க்கும் 360 மைக்ரோமோலுக்கும் இடையில் நிற்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், குழந்தைக்கு ஐந்து வயதாயிருந்தபோது, நாமும் நமது சகதர்மிணியும் ஆறு மாதம் தங்குவதாக அங்கே போய்ச் சேர்ந்தோம். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டுவந்த குழந்தைக்கு மருமகள் பெட்டியில் அளந்து வைத்திருப்பதைக் கொடுக்க வேண்டியது பாட்டியின் பொறுப்பு. பாட்டி அந்தப் பெட்டியைப் பார்ப்பாள். குழந்தையின் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் அரைக் கரண்டிப் பருப்புச் சாதம் ஊட்டினாள். மறுநாளும் ஊட்டினாள்.

வாசகர்களிடம் ஒளிப்பானேன்? நாம் பக்கத்து நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தோம். பார்த்தோம். பத்திரிகையைச் சற்று உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த அட்டை போயிற்று. டெலிபோன் வந்தது. கணக்கு 740. மருமகள் சமையலறையில் நின்று அதைக் கேட்டாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தராசை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

“குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே! நன்றாகத்தானே விளையாடுகிறது?” என்றாள் பாட்டி.

“ஆகும்போது தெரியாது, அத்தை. ஆன பிறகுதான் தெரியும்” என்றாள் மருமகள்.

அந்த வீட்டில் அதற்குப் பின் நாலு நாள் வரை பேச்சு இல்லை. அப்போது வைத்தியசாலையின் பத்திய நிபுணரான ஒரு வெள்ளைக்கார அம்மாள், அடுத்த சனிக்கிழமை குடும்பங்களெல்லாம் கூடுகிறார்கள், பாட்டியையும் தாத்தாவையும் அவசியம் அழைத்து வாருங்கள் என்று சொல்லியனுப்பினாள். விசாரணைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நாம் முடிவு செய்தோம். பாட்டி பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். கோர்ட்டுக்குப் போவதானாலும் கௌரவமாகப் போக வேண்டும் அல்லவா?

மண்டபத்தில் நுழைந்ததும் அடுப்பு வாசனை. பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும். கைக்குழந்தை முதல் காலேஜ் மாணவன் வரை எல்லா வயதினரும் இருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய மேஜையில், புரதம் நீக்கிய மாவைச் சிறுவர்கள் பிசைந்துகொண்டிருந்தார்கள். கோதுமையில் சத்தெல்லாம் போய் வெறும் கஞ்சிப்பசை மாத்திரம் மிஞ்சிய மாவு அது. அதில் ரொட்டி செய்வது, கயிற்றில் நடப்பதற்குச் சமானம். ஒரு பையனுடைய ரொட்டி கல்லாகிவிட்டது. அவன் அதை மேஜையில் தட்டித் தாளம் போட்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். தன் வீட்டில் அதே ரொட்டி கல்லானால் அந்தப் பையன் சிரிப்பானா என்று நமக்குத் தோன்றிற்று.

பதினொரு மணி அடித்தது. எல்லாக் குழந்தைகளும் தங்கள் பானத்தை எடுத்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்தார்கள். நமது பேத்தி வீட்டில் அந்தப் பானத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஜன்னலோரச் செடிக்கு ஊற்றியதும் உண்டு. அன்று மூன்றாவதாகக் குடித்து முடித்தாள். பள்ளிக்கூடத்தில் முன்னூறு பிள்ளைகளுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் வேறு உணவு. இங்கே வேறு உணவு உண்பவர்கள் நாம்தாம்! பெரியவர்களுக்கென்று வைத்திருந்த பாலாடைக்கட்டி ரொட்டியை நாம் எடுத்தபோது, நாலு குழந்தைகள் நம்மை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

பிறகு கடை வைத்து விளையாடினார்கள். மண்டபத்தின் மூலையில் டப்பாக்களும் பொட்டலங்களும் அடுக்கியிருந்தன. ஒவ்வொருவருக்கும் அவரவர் அனுமதிப்படி வில்லைகள். ஒரு வில்லைக்கு ஒரு கிராம் புரதம். வியாதியின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலால் ஒரு பெண்ணுக்கு 4, ஒரு பையனுக்கு 12, நமது பேத்திக்கு 6. அதைக் கொண்டு ஒரு நாள் உணவு முழுவதையும் வாங்க வேண்டும். பழங்களுக்கும் அநேகமாக எல்லாக் காய்கறிகளுக்கும் விலை கிடையாது. வேக வைத்த உருளைக்கிழங்கு 80 கிராமுக்கு ஒரு வில்லை. பால் 30 மில்லிக்கு ஒரு வில்லை.

நமக்கும் ஆறு வில்லை கொடுத்தார்கள். நாம் வழக்கம்போல் காலை ஆகாரத்துக்கு இரண்டு இட்டிலி வாங்கினோம். நாலு வில்லை போயிற்று. மேலே கொஞ்சம் சாம்பார், இன்னும் ஒன்று. காப்பிக்குப் பால் வேண்டாமா? காலை எட்டு மணிக்கே தாத்தா திவால்! பேத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “தாத்தா, ராத்திரிக்கு என்ன செய்வாய்?” என்று கேட்டாள். நாம் பதில் தேடிக்கொண்டு, காப்பிக்குப் போடும் சர்க்கரை வில்லை டப்பாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தோம். நமக்கு நீரிழிவு என்பதால் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் வில்லை அது. உடனே ஓர் ஒன்பது வயதுச் சிறுமி அதைப் பிடுங்கிப் பின்புறத்து எழுத்தைப் படித்து, “இதில் அஸ்பர்டேம் இருக்கிறது. அது பினைல் அலனைன். எங்களுக்கு ஆகாது” என்று நமக்கு உபதேசித்தாள். சர்க்கரை போட்ட பானம் அந்தக் குழந்தைகளுக்கு நல்லது. சர்க்கரை இல்லாதது கெடுதல். டப்பாவின் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம், கதைப் புத்தகம் படிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு வந்துவிடுகிறது.

இதற்குள் பெரியவர்களை அடுத்த அறைக்கு அழைத்தார்கள். மனோதத்துவ நிபுணர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு தாயாரும் ஏதோ சொன்னாள். நமது மருமகளின் முறை வந்தது. “இரவில் படுத்த பிறகும் கிராம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் கை ஒரு நாள் தப்பினால் என் பெண்ணின் மூளை போய்விடும் என்று பயமாயிருக்கிறது. வீட்டில் இதைச் சொல்ல முடிவதில்லை, சொன்னால் மாமா தம்மால்தான் இந்தக் கல்யாணம் நடந்தது என்று வருத்தப்படுவார்” என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். நமது வீட்டில் ஐந்து வருஷமாகத் தமிழில் சொல்லாத விஷயம், முன்பின் அறியாத ஜனங்களிடம் இங்கிலீஷில் வெளிவந்தது. நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னர் வந்த வைத்தியரிடம் நாமே கேட்டுவிட்டோம். அவர் மழுப்பவில்லை. சொந்தத்தில் மணந்தால் இருவரும் ஒரே குறையைச் சுமந்திருக்கும் சந்தர்ப்பம் கூடுகிறது என்பது வாஸ்தவந்தான் என்றார். ஆனால் அந்நாட்டில் ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் அதைச் சுமக்கிறார். இந்த அறையில் உள்ள மற்றத் தம்பதிகளில் ஒருவரும் உறவினர் அல்லர் என்றும் சொன்னார். நமது பாரம் இறங்கிற்று என்று சொல்ல மாட்டோம். தோள் மாற்றிக்கொண்டது போல இருந்தது.

தேநீர் வேளையில் பத்திய நிபுணர் அம்மாள் ஒரு பழைய வரலாறு சொன்னாள். 1934-ஆம் வருஷத்தில் நார்வே தேசத்தில் ஒரு தாய், புத்தி வளராத தன் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வைத்தியர் வைத்தியராக அலைந்தாள். குழந்தைகளிடம் ஏதோ விசித்திர வாசனை வீசுகிறது என்றாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற வைத்தியர் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். ஒரு ரசாயனத்தைக் கலந்ததும் பச்சை நிறமாயிற்று. அப்படித்தான் வியாதி கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் மருந்து இல்லை. 1951-இல் பர்மிங்ஹாம் நகரத்தில், இரண்டு வயதுப் பெண்ணின் தாய் ஒருத்தி ஹார்ஸ்ட் பிக்கல் என்ற வைத்தியரைத் தினமும் நச்சரித்தாள். வியாதியின் பெயரைக் கண்டுபிடித்தீர்களே, அதனால் என் குழந்தைக்கு என்ன பிரயோஜனம் என்பது அவள் கேள்வி. அவர் வேறு வழியின்றி, பாலின் புரதத்தைப் பிரித்து, கரியில் வடிகட்டி, பினைல் அலனைன் நீக்கிய உணவைத் தயாரித்தார். நடக்காத குழந்தை எழுந்து நிற்க ஆரம்பித்தது.

நாம் இவ்வளவையும் பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவந்தோம். அடுத்த பகுதி வந்ததும் நமது நாக்குத் தயங்கிற்று. குணம் கண்டது பத்தியத்தினால்தானா என்று நிச்சயப்படுத்த, வைத்தியர்கள் அந்தத் தாய்க்குத் தெரியாமல் குழந்தையின் உணவில் பினைல் அலனைனைத் திரும்பக் கலந்தார்களாம். சில நாட்களுக்குள் குழந்தை கற்றதையெல்லாம் இழந்தது. ஒன்றும் அறியாத தாய், குழந்தை பழையபடி ஆகிவிட்டதே என்று அலறிக்கொண்டு வந்தாளாம்.

“தாயாருக்குத் தெரியாமலா?” என்று பாட்டி கேட்டாள்.

“ஆமாம்” என்றோம்.

பாட்டி எழுந்து போய் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் மடியில் கிடந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அயர்லாந்துக் கிழவி, பாட்டியின் தோளைத் தட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, விரல்களால் ஒரு முட்டையைப் போல வளைத்து, பேரனின் வாயில் ஊட்டுவது போல அபிநயம் பிடித்தாள். பாஷையே தேவைப்படவில்லை. இரண்டு குற்றவாளிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அன்று வந்திருந்தவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரும் உண்டு. அவர் பிறந்த காலத்தில் சோதனை வந்துவிட்டது. அமெரிக்க வைத்தியர் ராபர்ட் கத்ரி 1960-களின் ஆரம்பத்தில் உலர்ந்த ரத்தச் சொட்டைக் கொண்டு சோதிக்கும் முறையை வகுத்தார். 1969 முதல் இங்கிலாந்து முழுவதும் அது பரவிற்று. ஆனால் பத்து வயதில், மூளை வளர்ந்துவிட்டது, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அந்நாளைய வைத்திய அபிப்பிராயம் அது. சாப்பிட்டார். வருஷங்கள் சென்றபின் கை நடுக்கமும், எதிலும் மனம் குவியாமையும், காரணமற்ற சோகமும் பிடித்துக்கொண்டன. நாற்பது வயதில் மீண்டும் பத்தியத்துக்கு வந்தார். பெரிய பிள்ளைகள் இவர் பேசும்போது மட்டும் சத்தம் செய்யவில்லை. பெண் குழந்தைகளின் தாய்மார்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. இந்தப் பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே கணக்கைக் கட்டுக்குள் கொண்டுவராவிட்டால், வயிற்றில் வளரும் சிசுவின் மூளைக்கும் இருதயத்துக்கும் ஆபத்து. நமது பேத்திக்கு அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. ஆனால் தராசைத் தன் கையால் பிடிக்க அவள் இப்போதே பழக வேண்டியதன் காரணம் நமக்கு அன்றுதான் விளங்கிற்று.

நமது தேசத்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை செய்யும் ஏற்பாடு இன்னும் இல்லை. நமது சிறு வயதில், ஊரில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் இருந்தான். கறுத்த பெற்றோருக்குச் செம்பட்டை மயிரும் வெளுத்த மேனியுமாகப் பிறந்தவன். பேச்சு வரவில்லை. கோயில் கோயிலாக அவனைத் தூக்கிக்கொண்டு அவன் தாய் போனாள். இந்த வியாதிக்காரர்களுக்கு மயிரும் மேனியும் வெளிறிப்போவதுண்டு என்று வைத்தியர் சொன்னபோது, அந்தத் தாயின் முகம் நமக்கு ஞாபகம் வந்தது. வேறொன்றும் சொல்லுவதற்கில்லை.

அன்று மாலை புறப்படும் சமயத்தில், பாட்டி பத்திய நிபுணர் அம்மாளை வழிமறித்தாள். நாம் துபாஷி.

“நெய் போடலாமா என்று கேளுங்கள்.”

கேட்டோம். நெய்யில் புரதம் அநேகமாக இல்லவே இல்லை, தாராளமாகப் போடலாம் என்று பதில் வந்தது. பாட்டியின் முகத்தில் வந்த பிரகாசத்தை நாம் நமது விவாக தினத்தில் கூடக் கண்டதில்லை.

“ஜவ்வரிசி?”

அம்மாள் தன் புத்தகத்தைப் புரட்டினாள். நூறு கிராமில் அரைக் கிராம் கூட இல்லை! நாற்பது வருஷ சமையல் அனுபவம் பாட்டிக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த மாதமே அவள் நிலக்கடலை போடாமல் ஜவ்வரிசி உப்புமாவும், பருப்பில்லாத ரசமும், நெய்யில் தாளித்த பூசணிக்காய்க் கூட்டும் செய்து பழகினாள். புரதம் நீக்கிய மாவில் தோசை வார்த்துப் பார்த்ததும் உண்டு. அது கல்லைவிட்டு வர மறுத்தது. கல்லையே குப்பையில் போடும்படியாயிற்று. அடுத்த அட்டையின் கணக்கு 410. அதற்கடுத்தது 330.

இப்போது மறுபடியும் அந்த நகரத்திலேதான் இருக்கிறோம். அட்டைக்கு விரலில் குத்திக்கொள்ளுவதைப் பேத்தி தானே செய்கிறாள். கூட்டத்தில் பதினோரு வயதுப் பையன் ஒருவனிடம் கற்றது. சாதத்தை நிறுப்பதும் அவள்தான். பாட்டி கரண்டியைத் தராசுத் தட்டின்மேல் பிடித்துக்கொண்டு, “போடட்டுமா? போதுமா?” என்று உத்தரவு கேட்கிறாள். சில நாள் கணக்குத் தப்புகிறது. சென்ற மாதம் பிறந்த நாள் விருந்து ஒன்றில் அவள் ஒரு கேக்குத் துண்டைத் தின்றுவிட்டு, தானே வந்து சொன்னாள்.

வரும் சனிக்கிழமை மறுபடியும் கூடுகிறார்கள். பாட்டி ஜவ்வரிசி வடாம் பொரித்துக் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். சென்ற தடவை ருசி பார்த்த குழந்தைகள் வீட்டுக்கு ஒரு டப்பா வேண்டும் என்று கேட்டுவிட்டார்களாம். வடாத்துக்கு வெயில் வேண்டும்; இங்கிலாந்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஆகையால் நமது மகனுடைய அறையில் உஷ்ணம் தரும் குழாய்களின்மேல் தட்டுத் தட்டாக வடாம் காய்கிறது. இரவில் கால் வைக்க இடமில்லை என்று அவன் முறையிடுகிறான். பேத்தி ஒவ்வொரு தட்டிலும் எத்தனை வடாம் என்று எண்ணி, பன்னிரண்டு குடும்பத்துக்கு வகுத்துப் பார்த்துவிட்டு, மீதி ஐந்து இருக்கிறது, தாத்தாவுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். மற்ற மூன்றும் எங்கே போயின என்று நாம் கேட்கவில்லை.